இருபுறமும் சமமாக: சமன்பாட்டிலும் வடிவியலிலும் தடுமாறாமல் போக ஒரு வழிகாட்டி

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற ஒற்றை வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இயற்கணிதத்துக்குள் நுழைபவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் நுழைந்தேன். கூட்டல் கழித்தலோடு நிற்கும் வரை அந்த வரி கைகொடுக்கும். பெருக்கல் வந்ததும் குழப்பம் ஆரம்பம். 3ம = 15 என்று இருக்கும்போது அந்த 3 வலப்பக்கம் போனால் −3 ஆகுமா, இல்லை வகுக்குமா, வகுத்தால் 15/3 ஆ 3/15 ஆ? அப்புறம் அடைப்புக்குறி, பின்னம், வர்க்கமூலம் என்று வர வர ஒவ்வொன்றுக்கும் தனி விதி மனப்பாடம் செய்ய வேண்டியதாகி, எந்த விதி எங்கே என்று தெரியாமல் வெகுகாலம் சுற்றினேன். உண்மையில் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் நகர்வதில்லை. இருபுறமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அதன் விளைவு நகர்ந்ததுபோலத் தெரிகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் விதிகளில் பெரும்பாலானவை தேவையில்லாமல் போய்விடும், வடிவியல் நிரூபணங்களும் இதே வேலைதான் என்று தெரியவரும்.

இந்தக் கட்டுரை முழுவதும் தெரியாத எண்ணுக்கு ம என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் புத்தகத்தில் வேறு எழுத்து இருந்தாலும் வேலை அதேதான்.

1. தொடங்கும் முன்

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், வேறு நிறத்தில் ஒரு பேனா. கால்குலேட்டர் வேண்டாம், ஆரம்பக் கணக்குகளுக்கு அது தேவைப்படாது. பக்கத்தின் வலது ஓரத்தில், கால்வாசி இடம் விட்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடதுபுறம் கணக்கு, கோட்டுக்கு வலதுபுறம் "என்ன செய்தேன்" என்ற குறிப்பு, நிறப் பேனாவில். இந்த ஓரக் குறிப்புதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான ஆவணம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

நேரத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்கள் ஒரு கணக்குக்கு நீங்கள் வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு மடங்கு நேரமாகும், தாளும் அதிகம் செலவாகும். அவசரப்படாதீர்கள். இருபது கணக்கை வரி தாண்டித் தாண்டிப் போடுவதைவிட நாலைந்து கணக்கை ஒரு வரிகூட விடாமல் எழுதுவது மேல். தினம் அரை மணி நேரம் போதும். வரிகளை மனதுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் பழக்கம் பிறகு தானாக வரும், அதை முன்னால் இழுத்துவராதீர்கள்.

2. சமக்குறி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சமக்குறியை "விடை இதோ" என்ற அடையாளமாகப் படிப்பவர்கள் அதிகம். அதனால்தான் 5 + 3 = 8 × 2 = 16 என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். இங்கே 5 + 3 என்பது 8, ஆனால் 8 × 2 என்பது 16. நீங்கள் எழுதியிருப்பது 8 உம் 16 உம் சமம் என்று. சமக்குறியின் இடப்பக்கம் என்ன மதிப்போ அதே மதிப்பு வலப்பக்கமும் இருக்கிறது என்பதைத் தவிர அந்தக் குறி வேறெதுவும் சொல்வதில்லை. ஆகவே ஒரு வரியில் ஒரு சமக்குறி, அடுத்த படி அடுத்த வரியில். இதைக் கட்டாயமாகப் பின்பற்றுங்கள்.

இன்னொன்று: கோவை வேறு, சமன்பாடு வேறு. ம/2 + ம/3 என்று சும்மா கொடுத்து "சுருக்குக" என்றால் அது கோவை. அதில் சமக்குறி இல்லை, எனவே "இருபுறமும்" என்ற பேச்சே இல்லை. 6 ஆல் பெருக்கி 5ம என்று எழுதிவிட்டால் மதிப்பே மாறிவிட்டது, சரியான விடை 5ம/6. சமன்பாட்டுக்கான உத்தியைக் கோவையில் பயன்படுத்துவது மிகப் பொதுவான சறுக்கல்.

3. ஒரு கணக்கை முழுதாக எழுதிப் பாருங்கள்

7ம − 4 = 2ம + 26

முதலில் ம இரண்டு பக்கமும் இருக்கிறது. எதை எடுப்பது? சிறியதை எடுங்கள், மிச்சமிருக்கும் கெழு (ம வோடு ஒட்டி நிற்கும் எண்) நேர்ம எண்ணாக இருக்கும், குறித் தொல்லை பாதியாகக் குறையும். ஓரத்தில் "இருபுறமும் −2ம" என்று எழுதிவிட்டு அடுத்த வரி:

5ம − 4 = 26

ஓரத்தில் "இருபுறமும் +4":

5ம = 30

ஓரத்தில் "இருபுறமும் ÷5":

ம = 6

முதல் வரியில் 6 ஐப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 42 − 4 = 38, வலப்பக்கம் 12 + 26 = 38. சரி.

என்ன செய்வது என்று எப்படித் தீர்மானிப்பது? 5ம − 4 என்பதில் ம க்கு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்: முதலில் 5 ஆல் பெருக்கினார்கள், பிறகு 4 ஐக் கழித்தார்கள். அவிழ்க்கும்போது கடைசியில் நடந்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். அதனால் +4 முதலில், ÷5 அப்புறம். மாற்றிச் செய்தாலும் தப்பில்லை, ஆனால் முதலில் 5 ஆல் வகுத்தால் அந்த 4 ஐயும் வகுத்து ம − 4/5 = 26/5 என்று எழுத வேண்டிவரும். அந்த 4 ஐ வகுக்க மறந்துவிடுவதால்தான் பலருக்கு விடை தப்புகிறது.

சமன்பாட்டைத் தராசாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு நல்லதுதான், ஒரு தட்டில் எடுத்ததை மறு தட்டிலும் எடுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் எதிர்ம எண்கள் வந்ததும் அந்தப் படம் நொண்டும், −4 எடையுள்ள பொருளை யாரும் தட்டில் வைக்க முடியாது. ஆகவே சீக்கிரமே தராசை விட்டுவிட்டு எண்களையே நம்பப் பழகுங்கள்.

4. அடைப்புக்குறி: இங்கே ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யலாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் "எதைச் செய்தாலும் இருபுறமும் செய்" என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

4 − 3(ம − 2) = 1

அடைப்புக்குறியை நீக்கினால்:

4 − 3ம + 6 = 1

வலப்பக்கத்தை ஏன் தொடவில்லை? ஏனென்றால் இடப்பக்கத்தின் மதிப்பு மாறவே இல்லை. அதே மதிப்பை வேறு உருவத்தில் எழுதியிருக்கிறோம். ஆக இரண்டு வகை வேலை இருக்கிறது. ஒன்று, ஒரு பக்கத்தை வேறு விதமாக எழுதுவது: விரித்தல், சேர்த்தல், சுருக்குதல். மதிப்பு மாறாததால் மறுபக்கம் அப்படியே இருக்கும். இன்னொன்று, ஒரு பக்கத்தின் மதிப்பையே மாற்றுவது: கூட்டுதல், கழித்தல், பெருக்குதல், வகுத்தல். அப்போது மறுபக்கத்திலும் அதையே செய்தாக வேண்டும். ஓரக் குறிப்பில் முதல் வகைக்கு "இடப்பக்கம் விரித்தேன்" என்றும் இரண்டாவதற்கு "இருபுறமும்..." என்றும் எழுதுங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாளில் இயற்கணிதம் பாதி வசப்பட்டுவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மிச்சத்தை முடிப்போம். 10 − 3ம = 1. இருபுறமும் −10: −3ம = −9. இருபுறமும் ÷(−3): ம = 3.

இங்கே இருக்கும் பொறி, −3 ஐ −2 ஆல் பெருக்கும்போது +6 க்குப் பதில் −6 என்று எழுதிவிடுவது. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், குறியையும் எண்ணையும் சேர்த்து வட்டமிட்டுக்கொண்டு பெருக்குங்கள்.

5. பின்னம் வந்தால்

ம/2 + 3 = ம/5 + 9

பகுதிகள், அதாவது பின்னங்களின் கீழே உள்ள எண்கள், 2, 5. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 10. இருபுறமும் 10 ஆல் பெருக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக. அதை மறக்காமலிருக்க அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள்:

10(ம/2 + 3) = 10(ம/5 + 9)
5ம + 30 = 2ம + 90
3ம = 60
ம = 20

சரிபார்த்தால் 10 + 3 = 13, 4 + 9 = 13. அடைப்புக்குறி போடாமல் அவசரப்பட்டால் பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு 3 ஐயும் 9 ஐயும் அப்படியே விட்டுவிடுவோம். 5ம + 3 = 2ம + 9 என்றாகி ம = 2 என்று பார்வைக்கு மிக ஒழுங்கான ஒரு தப்பு விடை வரும். ஒழுங்கான முழு எண் வந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள்.

6. இருபுறமும் செய்தாலும் சிக்கல் தரும் வேலைகள்

கூட்டலும் கழித்தலும் எப்போதும் பாதுகாப்பானவை. மற்றவற்றில் எச்சரிக்கை வேண்டும்.

பூச்சியத்தால் வகுக்கக் கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ம ஆல் வகுக்கும்போது அந்த ம பூச்சியமாக இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 4ம = 7ம என்று வந்தால் இருபுறமும் ம ஆல் வகுத்து 4 = 7 என்று எழுதிவிட்டு "விடை இல்லை" என்கிறார்கள். விடை இருக்கிறது. இருபுறமும் 4ம ஐக் கழித்தால் 0 = 3ம, ஆக ம = 0. அதேபோல ம² = 5ம என்பதை ம ஆல் வகுத்தால் ம = 5 மட்டும் கிடைக்கும், 0 என்ற இன்னொரு விடை காணாமல் போய்விடும். வகுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ம² − 5ம = 0, பிறகு ம(ம − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள், இரண்டு விடையும் வரும்.

வர்க்கப்படுத்தும்போது தலைகீழான சிக்கல், இல்லாத விடை உள்ளே வந்துவிடும். √(ம + 6) = ம என்பதை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ம + 6 = ம². காரணிப்படுத்தினால் 3, −2 என்று இரண்டு எண்கள். 3 ஐப் போட்டால் √9 = 3, பொருந்துகிறது. −2 ஐப் போட்டால் இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கமோ −2. பொருந்தவில்லை. காரணம் எளிது: 2 உம் −2 உம் சமமில்லை, ஆனால் அவற்றின் வர்க்கங்கள் சமம். வர்க்கப்படுத்திய பிறகு வந்த வழியே திரும்பிப் போக முடியாது. ஆகவே இந்த மாதிரிக் கணக்குகளில் சரிபார்ப்பு என்பது விருப்பம்போல் செய்யும் வேலை அல்ல, கணக்கின் ஒரு படி.

வர்க்கப்படுத்துவது உறுப்பை அல்ல, பக்கத்தை. √ம + 1 = 5 என்பதை ம + 1 = 25 என்று எழுதினால் 24 வரும், அது தப்பு. முதலில் இருபுறமும் 1 ஐக் கழித்து √ம = 4 ஆக்கிவிட்டு வர்க்கப்படுத்தினால் ம = 16.

வர்க்கமூலம் எடுக்கும்போது ம² = 49 என்றால் 7 உம் −7 உம் இரண்டுமே விடை. நீளம் கேட்கும் கணக்கில் மட்டும் −7 ஐ விட்டுவிடலாம்.

7. ம மறைந்துபோனால்

சில கணக்குகளில் இருபுறமும் ஒழுங்காகக் கழித்துக்கொண்டே வரும்போது ம முழுதாக மறைந்துவிடும். பயப்பட வேண்டாம். 2ம + 3 = 2ம + 5 என்பது 3 = 5 என்று முடிந்தால், எந்த எண்ணும் விடையாகாது. 2(ம + 3) = 2ம + 6 என்பது 6 = 6 என்று முடிந்தால், எல்லா எண்ணும் விடை. அந்த வரியை அப்படியே எழுதி முடிவைச் சொல்லிவிடுங்கள்.

8. சமமில்லாதபோது

அசமன்பாடுகளுக்கும் இதே முறைதான், ஒரே ஒரு வித்தியாசம்: எதிர்ம எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறியைத் திருப்ப வேண்டும். −2ம < 6 என்றால் ம > −3. சந்தேகம் வந்தால் 0 ஐப் போட்டுப் பாருங்கள்: 0 < 6 சரி, 0 > −3 சரி.

9. வடிவியலிலும் இதே வேலை

வடிவியல் நிரூபணம் என்றதும் கை நடுங்குபவர்கள் அதை முற்றிலும் வேறு பாடமாக நினைத்துக்கொள்கிறார்கள். சமமானவற்றோடு சமமானதைக் கூட்டினால் வருபவையும் சமம், கழித்தால் மிச்சமும் சமம், ஒன்றுக்கே சமமான இரண்டும் தமக்குள் சமம். இவற்றை யூக்ளிட் வடிவியலின் தொடக்கத்திலேயே பொது உண்மைகளாக வைத்துவிட்டார். நாம் இதுவரை எண்களில் செய்ததும் இவைதான்.

ஒரு நேர்கோட்டில் க, ச, த, ப என்று வரிசையாக நான்கு புள்ளிகள். கச = தப என்று கொடுத்திருக்கிறார்கள். இருபுறமும் சத என்ற துண்டைக் கூட்டுங்கள். கச + சத என்பது கத, சத + தப என்பது சப. ஆக கத = சப. ஓரக் குறிப்பு: "இருபுறமும் +சத".

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வரிசையாக ∠1, ∠2, ∠3 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ∠1 + ∠2 = 180°, ∠2 + ∠3 = 180°. இரண்டும் 180° க்குச் சமம், எனவே ∠1 + ∠2 = ∠2 + ∠3. இருபுறமும் ∠2 ஐக் கழித்தால் ∠1 = ∠3. குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று மனப்பாடம் செய்தது இரண்டே வரியில் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பரப்பளவில் வரும் ஒன்று. கசதப என்ற சரிவகம், கச உம் பத உம் இணை. மூலைவிட்டங்கள் கத, சப இரண்டும் வ என்ற புள்ளியில் வெட்டுகின்றன. முக்கோணம் கசத, முக்கோணம் கசப இரண்டுக்கும் அடிப்பக்கம் கச, உயரம் இணைகோடுகளுக்கு இடையே உள்ள தூரம். ஆக இரண்டின் பரப்பளவும் சமம். இருபுறமும் முக்கோணம் கசவ வின் பரப்பளவைக் கழியுங்கள். மிச்சம், முக்கோணம் சதவ உம் முக்கோணம் கபவ உம். பார்வைக்கு வேறு வேறு வடிவத்தில் இருக்கும் அந்த இரண்டும் ஒரே பரப்பளவு. ஒரு தாளில் வரைந்து, கழிக்கும் பகுதிக்கு வண்ணம் அடித்துப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். படத்தை நம்பாதீர்கள், சமமாகத் தெரிவதும் சமம் என்று கொடுத்திருப்பதும் வேறு. நிரூபிக்க வேண்டியதையே நடுவில் காரணமாகக் காட்டிவிடாதீர்கள்: இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்று நிரூபிக்கச் சொன்னால், "அடிக்கோணங்கள் சமம் என்பதால்" என்று நடுவில் எழுதக் கூடாது. உச்சியை அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியோடு இணைத்து, கிடைக்கும் இரண்டு முக்கோணங்களுக்கும் இணைத்த கோடு பொதுப்பக்கம் என்று எடுத்து, ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி சர்வசமம் என்று காட்ட வேண்டும். பொதுப்பக்கம் தனக்குத்தானே சமம் என்பதையும் ஒரு வரியாக எழுதுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது, எந்த அளவு சமம் என்று சொல்லுங்கள். 7க்கு 3 செவ்வகமும் 5க்கு 5 சதுரமும் சுற்றளவில் சமம், இரண்டும் 20. பரப்பளவு 21, 25. ஒன்று சமம் என்பதால் மற்றதும் சமமாகிவிடாது.

10. வடிவியல் படத்திலிருந்து சமன்பாடு எழுதும்போது

இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும் படத்தில் ஒன்றுவிட்ட கோணங்கள் 3ம + 15, 5ம − 25 பாகை என்று கொடுத்தால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் 3ம + 15 = 5ம − 25. இருபுறமும் −3ம, பிறகு +25: 40 = 2ம, ம = 20. கோணம் 75°. ம வலப்பக்கம் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், 20 = ம என்றாலும் ம = 20 என்றாலும் ஒன்றுதான்.

சமன்பாட்டை எழுதும் முன் அந்தக் கோணங்கள் சமமா, அல்லது கூடினால் 180° ஆ என்று முடிவு செய்யுங்கள். குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் உள்ள உட்கோணங்களைச் சமம் என்று எழுதிவிட்டால் அதன் பிறகு எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் பயனில்லை. கேட்டது ம ஆ, கோணமா என்பதையும் கேள்வியில் அடிக்கோடிட்டு வையுங்கள். ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 2ம, 3ம + 10, ம + 20 என்றால் 6ம + 30 = 180, ம = 25. கேட்டது பெரிய கோணம் என்றால் விடை 85°, 25 அல்ல.

அப்புறம், சமன்பாடு சரியாக வந்தும் வடிவமே சாத்தியமில்லாமல் போகலாம். ஓர் இருசமபக்க முக்கோணத்தின் சமபக்கங்கள் 2ம + 1, 3ம − 4, அடிப்பக்கம் 4ம + 5 என்று யாராவது கொடுத்தால் ம = 5, பக்கங்கள் 11, 11, 25. இரண்டு சிறிய பக்கங்களைக் கூட்டினால் 22 தான், 25 ஐ எட்டவில்லை. அப்படி ஒரு முக்கோணத்தை வரையவே முடியாது. நீளங்களை ஒருமுறை கூட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

11. சரிபார்ப்பு பொருந்தவில்லை என்றால்

சரிபார்ப்பதைக் கணக்கு முடிந்த உடனே செய்யுங்கள், தாள் முழுவதும் முடித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், தேர்வில் அந்த நேரம் கிடைக்காமலே போகலாம். விடையைப் போட வேண்டியது கொடுக்கப்பட்ட முதல் வரியில், நடுவில் நீங்கள் எழுதிய வரியில் அல்ல.

பொருந்தவில்லை என்றால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடுபவர்கள் அதே தப்பை மறுபடி செய்ய வாய்ப்பு அதிகம். அதற்குப் பதில் உங்கள் தப்பு விடையையே கருவியாகப் பயன்படுத்துங்கள். அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியிலும் போட்டுக்கொண்டே போங்கள். நாலாவது பகுதியில் பார்த்த 4 − 3(ம − 2) = 1 என்ற கணக்கை ஒருவர் 4 − 3ம − 6 = 1 என்று விரித்து, −2 − 3ம = 1, −3ம = 3, ம = −1 என்று முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். −3ம = 3 இல் −1 பொருந்துகிறது. −2 − 3ம = 1 இல் −2 + 3 = 1, பொருந்துகிறது. 4 − 3ம − 6 = 1 இல் 4 + 3 − 6 = 1, அதுவும் பொருந்துகிறது. முதல் வரியில் 4 − 3(−3) = 13, பொருந்தவில்லை. ஆக தப்பு முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில்தான். அந்த இடத்தின் ஓரக் குறிப்பில் "இடப்பக்கம் விரித்தேன்" என்று இருக்கும், அந்த ஒரு வேலையை மட்டும் திருத்திவிட்டு அங்கிருந்து கீழே மறுபடி எழுதுங்கள்.